கூட்டலில் குறைந்த பிள்ளை

எழுபதுகளின் தொடக்கத்தில் தருமபுரியில் ஒரு சுகாதாரக் கணக்கெடுப்பில் வேலை பார்த்தேன். வீடு வீடாகப் போய், பெற்ற பிள்ளைகள் எத்தனை, இருப்பது எத்தனை, இறந்தது எத்தனை என்று கேட்டுப் படிவத்தில் எழுத வேண்டும். படிவங்கள் சென்னைக்குப் போகும். அங்கே அவற்றை அட்டைகளில் துளைகளாகப் போட்டு, ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும் கம்ப்யூட்டருக்குள் செலுத்துவார்களாம். எங்களில் யாரும் அதைப் பார்த்ததில்லை. பிழை கண்டால் மட்டும், இரண்டு ஓரங்களிலும் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தில் அது அச்சடித்த பட்டியல் வரும்.

ஒருமுறை அதில் நான் எழுதிய வீடு ஒன்றின் எண் இருந்தது. ஏரியூர்ப் பக்கம். பெற்றது ஐந்து, இருப்பது நான்கு, இறந்தது பூஜ்யம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். போயும் போயும் ஓர் இயந்திரமா என் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பது? கூட்டிப் பார்த்ததும் கோபம் அடங்கிவிட்டது. ஒரு பிள்ளையைக் காணோம்.

மறுநாள் பஸ் பிடித்துப் போனேன். வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த அந்த வீட்டு அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். முறம் அப்படியே நின்றது.

"செத்துப்போச்சுன்னு நான் சொல்லலீங்களே. நடுப்பொண்ணு ஆடு மேய்க்கப் போச்சுங்க. ஆடுங்க மட்டும் வூட்டுக்கு வந்துச்சு. மூணு வருசமாச்சு."

பிறகு கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "ஊர்ல எல்லாரும் மறந்துட்டாங்க சார். மெட்ராசுல இருக்கற அதுக்கு எப்பிடீங்க தெரிஞ்சுது, ஒண்ணு கொறையுதுன்னு?"

"அது சும்மா கூட்டிப் பார்க்குங்கம்மா, அவ்வளவுதான்" என்றேன். அவர் நம்பவில்லை.

"கொறையுதுன்னு தெரிஞ்சதுக்கு எங்க இருக்குதுன்னும் தெரியுமுங்க. கேட்டுச் சொல்லுங்க."

காணாமல் போனதற்குப் படிவத்தில் இடம் கிடையாது; 'இறந்தது ஒன்று' என்று எழுதியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுதத் தைரியம் வரவில்லை. 'இருப்பது ஐந்து' என்று திருத்தினேன்.

அடுத்த பட்டியல் வந்ததும் அந்த எண்ணைத்தான் முதலில் தேடினேன். இல்லை. கூட்டல் சரியாகிவிட்டது.

தருமபுரியில் எங்கள் கணக்கெடுப்பு ஆபீஸை மூடும்வரை மாதம் ஒருமுறை அந்த அம்மா பஸ் ஏறி வந்து வாசலில் நிற்பார். "இன்னும் ஒண்ணும் சொல்லலீங்களா?"

"இல்லீங்கம்மா."

நான் செய்ததை அவரிடம் சொல்லவே இல்லை. அட்டைகள் போய் நாடாக்கள் வந்தன, அறை சுருங்கி மேஜையாயிற்று, அந்தக் கம்ப்யூட்டர் இப்போது செல்போனாகச் சட்டைப்பையில் கிடக்கிறது. அதைக் கையில் எடுக்கவே சில நாள் பயமாக இருக்கிறது. பெற்றவளைத் தவிர அந்தப் பெண்ணைக் காணோம் என்று கேட்டது அது ஒன்றுதான். அதன் வாயையும் நான் அடைத்துவிட்டேன்.