பதினேழாம் எண் படம்

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு வந்தது கோபம்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் போய் மூன்றாம் ஆண்டு அது. புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளர்களின் நுரையீரலை ஆராய்வது என் வேலை. ஆள் யாரென்று தெரிந்தால் மருத்துவரின் தீர்ப்பு மாறும் என்பதால், எக்ஸ்ரே படத்தில் பெயரை மறைத்துக் காகிதம் ஒட்டி, எண் மட்டும் போட்டுத் தருவார் படமெடுக்கும் அந்துவான்.

பதினேழாம் எண் படத்தில், வலது நுரையீரல் உச்சியில் குழிவு (காசநோய் அரித்த பள்ளம்). "எத்தினி மாசமா இருமிக்கினு இருந்திருப்பான்! இந்த ஆளுக்கு ஊட்ல சொல்ல யாருமே இல்லியா?" என்று கத்தினேன்.

அந்துவான் காகிதத்தை உரித்தார். என் பெயர்.

"ஊழியருங்களுக்கும் எடுக்கணும்னு நீங்கதான சொன்னீங்க, டாக்டர்," என்றார் தயங்கியபடி.

ஆமாம், நான்தான் சொன்னேன். இருமலுக்குப் பஞ்சுத் தூசி, மாலைக் காய்ச்சலுக்கு அலைச்சல் என்று நோயாளிகள் சொல்லும் சாக்குகளை எனக்கே சொல்லிக்கொண்டும் இருந்தேன். மனைவி கமலா தினமும் நச்சரித்தாள். மருத்துவன் ஆயிற்றே, காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் மகள் வள்ளிக்கு அப்போது ஒன்றரை வயது. என் மார்மேல் படுத்தால்தான் தூங்குவாள். அவளுக்கும் படம் எடுத்தோம். முடிவு வரும்வரை நான் பட்ட பாட்டை எழுத முடியாது. அவள் நுரையீரல் சுத்தமாக இருந்தது. அன்றே அவளை உப்பளம் பகுதியிலுள்ள கமலாவின் அக்கா வீட்டுக்கு அனுப்பினோம். அவளை மறுபடி தூக்குவேனா என்பது மட்டுமே அதன் பிறகு எனக்குக் கேள்வி.

"இனிமே நீங்க டாக்டர் இல்ல. குடுத்த மாத்திரைய முழுங்குங்க," என்றார் எனக்கு வைத்தியம் பார்த்த மூத்த மருத்துவர். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியில் இடுப்பு மரத்துப்போனது. பாஸ் மருந்து (காசக் கிருமி பெருகாமல் தடுப்பது) குடலைப் புரட்டியது. இதை நானே எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்! நடுவில் நிறுத்தியவர்களைத் திட்டியும் இருக்கிறேன். நிறுத்தத் தோன்றும், நிறுத்தாதீர்கள். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

ஓராண்டு கடந்தது. சளியில் கிருமி இல்லை என்று ஆனபின், உட்கார்ந்து எக்ஸ்ரே படம் பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது. மூன்றாம் நாள் ஒரு படத்துக்கு, 'பழைய வடு. நோய் அடங்கிவிட்டது' என்று எழுதினேன். காகிதத்தை உரிக்கும் முன்பே அந்துவான் சிரித்துவிட்டார். அதுவும் என் படம்தான். எனக்கு அழுகை வந்தது. வெட்கப்படவில்லை.

அன்று மாலையே வள்ளியை அழைத்து வந்தார்கள். முதலில் கமலாவின் புடவைக்குள் ஒளிந்துகொண்டாள். "உன் அப்பாதாண்டி! போ," என்று கமலா தள்ளிவிட்டாள். வள்ளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். பாதியில் மூச்சு வாங்கியது. நின்றேன், பழைய பயத்தோடு.

"என்னாச்சு?" என்று கீழிருந்து கமலா பதறினாள்.

"ஒண்ணுமில்ல," என்றேன். பிள்ளை வளர்ந்திருந்தாள், அவ்வளவுதான்.