அப்பா எழுதச் சொன்ன கொலை

அப்பாவின் இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவினர்கள் முதலில் வம்சப் பக்கத்தைத்தான் புரட்டுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் இதில் இல்லை. அது வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனவர் அப்பாதான்.

அப்பா ஜேர்மனியில் ஓர் இரும்புத் தொழிற்சாலை முதலாளியின் ஒரே வாரிசாகப் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அங்கே பீரங்கிகளுக்கு ஷெல் குண்டுகள் வார்த்தார்கள். வார்த்தவர்கள் வேறு நாடுகளிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். ஒன்பது வயதில் அப்பா, அவர்களில் பசியோடு முற்றம் கூட்டிய ஒரு பெண்ணுக்கு வீட்டிலிருந்து தின்னப் பாண் எடுத்துக் கொடுத்தார். பாண் குறைந்ததைக் கண்ட தகப்பனார் இடுப்புவாரைக் கழற்றி, இரும்புக் கொளுவிப் பக்கத்தால் விளாசினார். ஆறாவது அடியில் அப்பா, அவள்தான் களவெடுத்தாள் என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணை முற்றத்தில் போட்டுக் கம்பியால் அடித்தே கொன்றார்கள். அப்பாவின் தலையைப் பிடித்துத் திருப்பி அதைப் பார்க்கவைத்தார் தகப்பனார்.

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். அந்த மனிதர் விஷயத்தில் இரண்டும் நடக்கவில்லை. யுத்தம் முடிந்தும் பணமும் மரியாதையும் பெருகின. அவருடைய அறுபதாவது பிறந்தநாள் விருந்தில் ஊர்ப் பெரியவர்கள் அவரை உத்தமர் என்று புகழ, அப்பா எழுந்துபோய் அவர் வாயில் குத்தினார். இரண்டு பற்கள் மேசைவிரிப்பில் விழுந்தன. சொத்தை உதறிவிட்டு அப்பா மொன்றியலுக்கு வந்தார்.

புவாண்ட்-கிளேர் பகுதிப் பண்டகசாலை ஒன்றில் பெட்டி தூக்கினார். அங்கே கூட வேலை செய்த அம்மாவைக் கைப்பிடித்தார். திருகோணமலையில் ஷெல் விழுந்து என்னைப் பெற்றவர் சிதறிப்போக, என்னை இடுப்பில் சுமந்துகொண்டு ஓடிவந்தவர் அம்மா. அதைக் கேட்ட அன்று அப்பா சுவரில் குத்திக் குத்தி விரல் எலும்பை உடைத்துக்கொண்டார். என்னை அவர் ஒருநாளும் அடித்ததில்லை. பெல்ட்டும் கட்டியதில்லை. நாங்கள் எவ்வளவு பகிடி பண்ணினாலும் கோயிலுக்கும் காற்சட்டையைத் தாங்கும் தோள்வாரோடுதான் வருவார்.

அம்மாவிடம் தமிழ் பேசப் பழகியிருந்த அவர், நம்மவர் வீட்டு நினைவு மலர்களை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்.

"செத்தாப் பிறகு எல்லாரும் நல்லவையாகீடினம், என்ன?" என்று சிரிப்பார்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவர் சிரிக்கவில்லை. "தம்பி, என்ர மலரில அந்தப் பொம்பிளையைப் பற்றி எழுது. நான்தான் பொய் சொன்னனான் எண்டும் எழுது" என்றார்.

அம்மாவின் தம்பியான சின்ன மாமா மலருக்கென்று எழுதிக்கொண்டுவந்த கட்டுரையிலோ, 'கோடீஸ்வரத் தொழிலதிபரின் தவப்புதல்வர்' என்றிருந்தது.

"ஆரடா நினைவு மலரில கொலையை எழுதுறது? சனம் என்ன கதைக்கும்?" என்றார் மாமா, அப்பா கேட்டதை நான் சொன்னபோது.

நான் அவருடைய தாளைக் கிழித்தேன். அவர் என் கன்னத்தில் அறைந்தார். அம்மா நடுவில் வந்து, "அவர் சொன்னதை எழுது மோனை" என்றார். மாமா, கோபம் ஆறியிருந்தால் நீங்களும் இதை வாசியுங்கோ.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையன்று இல்-பிசார் ஆற்றங்கரையில் ஐயர், "அப்பான்ர தகப்பன் பேரைச் சொல்லுங்கோ தம்பி" என்றார்.

"அவருக்குப் பிண்டம் வேண்டாம் ஐயா. ஒரு பொம்பிளைக்கு வைக்கவேணும். பேர் தெரியாது."

ஐயர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு பிண்டத்தை உருட்டித் தந்தார்.

அப்பாவைப் பராமரித்த தாதியருக்கும், முப்பத்தொரு நாளும் சோறு கறி கொண்டுவந்த எங்கள் அஹுன்ட்சிக் பகுதி அயலவருக்கும், ஐயருக்கும், இந்த ஆண்டுத் திவசத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. அந்தப் பெண்ணின் ஊரோ பிள்ளைகளோ எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்த மலரின் முதற் பிரதி அவர்களுக்கே போயிருக்கும். அவர் பாண் களவெடுக்கவில்லை. அப்பாதான் கொடுத்தார்.