கண் திறந்த படம்

சந்தியோகுவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. பேசாலையில் பிறந்த ஒரு ஆண்பிள்ளைக்கு இதைவிடப் பெரிய கேவலம் கிடையாது. அவனுடைய அப்பு, பெரியப்பு, அண்ணன்மார் எல்லாரும் கடலில் பிழைத்தவர்கள். இவன் மட்டும் வள்ளத்தில் கால் வைத்தால் குடல் வெளியே வருமளவுக்குச் சத்தி எடுப்பான். வாலிப வயதில் ஒருமுறை பாதித் தொழிலை விட்டுவிட்டு வந்து இவனைக் கரையில் இறக்கிப் போட்டுவிட்டுத் திரும்பவும் போனார்கள். அன்று கரையே கூடி நின்று சிரித்தது. நானும் சிரித்தேன். பக்கத்து வளவுக்காரன், கூட விளையாடி வளர்ந்தவன், சிரிக்காமல் என்ன செய்வது?

பிறகு கருவாடு காயப்போட்டான், கிழிந்த வலை பொத்தினான். பெண்களோடு உட்கார்ந்து வேலை செய்கிறான் என்று அதற்கும் நக்கல். லூசியாவைக் கலியாணம் முடித்து ஒரு பிள்ளையும் பிறந்ததும், மாமனார் வீட்டுச் சோறு தின்கிறவன் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. அந்த நேரத்தில்தான் மன்னார் ஸ்டேசனில் வைத்து ஒரு கொழும்புக்காரர் அவனைப் பிடித்தார். பிடித்தார் என்றுதான் நான் சொல்வேன்.

சின்னப் படத்தைக் கொடுத்தால் பெரிதாக்கி, நிறம் தீட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டுத் தருகிற கம்பனியின் ஆள் அவர். வீடு வீடாகப் போய் ஆள் பிடிப்பது சந்தியோகுவின் வேலை. சம்பளம் என்று ஒன்றும் இல்லை. படம் வீட்டுக்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்தால் கொமிசன். படத்தில் இருக்கிறவருக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் வரையச் சொன்னால் கொஞ்சம் கூடக் கொமிசன். ஒரு கறுப்புக் கோட்டு, ஒரு தொப்பி, ஒரு தோல் பை, அவனுடைய முகப்படம் ஒட்டிய ஏஜென்ட் அட்டை, இவ்வளவையும் கம்பனி கொடுத்தது. கொதிக்கிற மணலில் கறுப்புக் கோட்டோடு நடந்து போகும் அவனைப் பார்த்துக் குரைக்காத நாய் இந்த மன்னார்த் தீவில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் வாய் இருந்தது. கடலில் இல்லாத தைரியம் முழுக்க அந்த வாயில் இருந்தது. எருக்கலம்பிட்டியில் முஸ்லிம் வீடுகளில், "மனுசர் படம் நாங்க சுவரில மாட்டுறல்ல தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று மரியாதையாக அனுப்பிவிடுவார்கள். எங்கள் வேதக்கார ஊர்களில்தான் அவனுக்குப் பிழைப்பு. எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால், பெட்டியை மூடுமுன் மன்னாரிலிருந்து படக்காரரைக் கூப்பிட்டு, பிரேதத்தைச் சுற்றிச் சொந்தக்காரர் எல்லாரும் நின்று ஒரு படம் எடுப்பார்கள். உயிரோடு இருக்கும்போது படம் எடுக்க யாருக்கு வசதி? அதனால் பல வீடுகளில் செத்தவருக்கு இருக்கிற ஒரே படம் கண் மூடிக் கிடக்கிற படம்தான்.

இது கம்பனிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சந்தியோகுவின் பைக்குள் இரண்டு மாதிரிப் படங்கள் இருந்தன. ஒன்றில் ஒரு கிழவர் பெட்டிக்குள் கிடப்பார். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பான். வீட்டுப் பெண்களின் கண் கலங்கியதும் மற்றதை எடுப்பான். அதே கிழவர், கோட்டுப் போட்டு, கதிரையில் இருந்து, கண் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். "கம்பனி கண் திறந்து தரும்" என்பான். என் மாமியார் வீட்டில் அவன் இதைச் செய்தபோது எனக்கும் மயிர் கூச்செறிந்தது. பொய் சொல்லி என்ன?

நான் கிறேஸை முடித்துத் தாழ்வுபாட்டுக்கு வந்துவிட்டிருந்தேன். கிறேஸின் ஒரே அண்ணன் யோசேப் மலேரியா வந்த வருசம் காய்ச்சலில் போய்விட்டான். அப்போது அவன் பெண்சாதி மாக்கிறட் வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். அவனை அடக்கம் செய்து சில மாதங்களில் பெற்றிசியா பிறந்தாள். எல்லாரும் ஒரே வளவுக்குள் இருந்தோம். யோசேப்புக்கும் அந்தப் பெட்டிப் படம் ஒன்றுதான். அதில் கிறேஸ் அண்ணனின் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக் கிடப்பாள். அவளுடைய கொண்டை மட்டும்தான் தெரியும்.

பிள்ளை பேசத் தொடங்கியதும் அந்தப் படத்தைக் காட்டிக் கேட்கத் தொடங்கினாள்.

"அப்பா ஏன் எப்பவும் நித்திரை?"

மாக்கிறட்டுக்கு இதுதான் தாங்க முடியவில்லை. கருவாடு விற்றுச் சிறுகச் சிறுகச் சேர்த்ததைக் கொண்டுவந்து சந்தியோகுவின் முன்னால் வைத்தாள். "கோட்டெல்லாம் எனக்குத் தெரியாது அண்ணை. பிள்ளைக்கு அவர்ர கண்ணைக் காட்ட வேணும். அவ்வளவுதான்" என்றாள். படத்தைச் சீலைத் துண்டிலிருந்து அவிழ்த்தவள் அதைக் கொடுக்க மனமில்லாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"பயப்பிடாதையுங்கோ தங்கச்சி. படம் பத்திரமாத் திரும்பி வரும். மூண்டாம் ஆண்டுப் பூசைக்கு யோசேப் கண் திறந்து உங்களைப் பாப்பார். என்ர பிள்ளையில சத்தியம்" என்றான் சந்தியோகு. கோட்டையும் சேர்த்தே எழுதிக்கொண்டான்.

இனி நடந்தது அவனே பிறகு என்னிடம் சொன்னது. கம்பனிக்காரர் மாதத்துக்கு ஒருமுறை ரயிலில் வந்து, மன்னார் ஸ்டேசனில் இருந்தபடி படங்களை வாங்கிக்கொண்டு போவார். யோசேப்பின் படத்தைப் பார்த்துவிட்டு அவர் தலையை ஆட்டினார்.

"மூடின கண்ணைத் திறக்க நாங்கள் என்ன கடவுளா? கூடப்பிறந்தவை ஆரும் இருந்தா அவையின்ர முகத்தை ஒரு படம் எடுத்துக் கொண்டு வா. கண்ணை மட்டும் எடுத்து வைப்பம்."

"அப்ப அந்த மாதிரிப் படம், ஐயா?"

"அந்தக் கிழவன் இப்பவும் உயிரோட இருக்கிறான். பெட்டிக்குள்ள படுக்க வைச்சு எடுத்தது, மடையா."

சந்தியோகுவுக்கு அங்கேயே முகம் செத்துவிட்டது. ஊர் ஊராக, சாவீடு சாவீடாக, எத்தனை பெண்களின் முன்னால் அந்தக் கிழவரை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருப்பான்! அப்போதாவது தாழ்வுபாட்டுக்கு வந்து, "தங்கச்சி, இப்பிடியாம், ஆரும் இருக்கினமா?" என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அப்படிச் சத்தியம் பண்ணிய வாய்க்கு இப்போது கேட்க வெட்கமாக இருந்ததாம். கேட்டால் மாக்கிறட் படத்தைத் திருப்பி வாங்கிவிடுவாள் என்ற பயமும் இருந்ததாம். கழுத்தில் தொங்கிய ஏஜென்ட் அட்டையிலிருந்து தன் முகப்படத்தை உரித்துக் கொடுத்தான். கண் மட்டும்தானே என்று நினைத்தானாம். இதை என்னிடம் சொன்னபோது அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அவன் விலகாமல் நின்றான், அதனால் அடிக்க முடியவில்லை.

மூன்றாம் ஆண்டுப் பூசை முடிந்து சொந்தக்காரர் எல்லாரும் வீட்டில் கூடியிருந்தார்கள். மாதா சுரூபம் வைத்த தட்டுக்குப் பக்கத்தில் மாக்கிறட் சுவரை வெள்ளையடித்து, ஆணியும் அறைந்து வைத்திருந்தாள். சந்தியோகு வெள்ளைத் துணி சுற்றிய படத்தைத் தலையில் சுமந்துகொண்டு வந்தான். அவனைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல இருந்தது. மீசை இல்லை.

"ஆரடா செத்தது? மீசையைக் காணேல்லை?"

"வெக்கை" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

படத்தை ஆணியில் மாட்டிவிட்டு, மாக்கிறட் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு துணியை இழுத்தாள். கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்ட ஒருவர் கதிரையில் இருந்தார். நல்ல மீசை. கீழே பொன் எழுத்தில் யோசேப்பின் பெயர். "அச்சொட்டு அவர்தான்!" என்றார்கள் பெண்கள். துணி விலகுமுன்னே அப்படிச் சொல்வதாகத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். "துரை மாதிரி இருக்கிறார்" என்றது ஒரு கிழவி. கிறேஸ் மட்டும் கிட்டப் போய்ப் பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள்.

எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. அம்மணமாகத் திரிந்த காலத்திலிருந்து பார்க்கிற முகம் எனக்குத் தெரியாதா? மீசையும் கண்ணும் மூக்கும் சந்தியோகு. நெற்றி மட்டும் வேண்டுமானால் யோசேப்பாக இருக்கலாம். திரும்பிப் பார்த்தேன். சந்தியோகு கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டு, தொப்பியால் மேலுதட்டை மறைத்தபடி நின்றான். எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. நான் வாய் திறக்குமுன் மாக்கிறட் அழத் தொடங்கிவிட்டாள்.

அது செத்தவருக்கு அழுகிற அழுகை இல்லை. பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு, சீலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதாள். கிறேஸ் போய்ப் பிடித்தாள்.

"மச்சாள், எனக்கு அவரைத் தெரியேல்லை" என்றாள் மாக்கிறட். "எல்லாரும் அவர்தான் எண்டுறியள். என்ர கண்ணுக்குத் தெரியேல்லை. மூண்டு வருசத்தில புருசன்ர முகத்தை மறந்திட்டனே. நான் என்ன பொம்பிளை? பிள்ளைக்கு நான் என்னத்தைச் சொல்லிக் குடுக்கப் போறன்?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சில பார்வைகள் நல்ல பார்வைகள் இல்லை. புருசனின் சொந்தக்காரர் முன்னால், பூசை நாளில், மாக்கிறட் வெட்கத்தால் குறுகிப்போய் நிலத்தில் இருந்தாள். அது அவளுடைய வெட்கம் இல்லை, வேறொருவனுடையது.

அவன் பேசாமல் இருந்திருக்கலாம். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன், அதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சந்தியோகு தொப்பியை எடுத்தான்.

"தங்கச்சி, நீங்கள் மறக்கேல்லை" என்றான். திரும்பவும் சொன்னான். "நீங்கள் ஒண்டையும் மறக்கேல்லை. அது நான். அது என்ர முகம்."

முழுவதையும் சொன்னான். கம்பனிக்காரர் சொன்னதை, அட்டையிலிருந்து உரித்ததை, பார்சலை ஸ்டேசன் மர வாங்கில் வைத்துப் பிரித்தபோது தன்னையே கண்டதை, மீசையை வழித்ததை. ஒரு கிழவர் சிரித்துவிட்டார். பிறகு அவரும் வாயை மூடிக்கொண்டார். ஒரு விதவையின் வீட்டுச் சுவரில், உயிரோடு இருக்கிற வேறொருத்தியின் புருசன் படமாகத் தொங்குகிறான். சிரிக்கிற காரியமா அது?

மாக்கிறட் எழுந்து துணியை எடுத்துப் படத்தை மூடினாள். "அவர்ர படம் எங்க?" என்று மட்டும் கேட்டாள். அவன் பையிலிருந்து பழைய பெட்டிப் படத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். அதிலாவது கம்பனி கை வைக்கவில்லை. அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அப்போதுதான் கிறேஸ் வாயைத் திறந்தாள். அவள் சத்தம் போடுவாள் என்று நான் நினைத்தேன். அவள் மெல்லத்தான் சொன்னாள்.

"கூடப்பிறந்த ஆள் வேணுமெண்டால் என்னைக் கேட்டிருக்கலாமே சந்தியோகண்ணை. எங்கட ரெண்டு பேருக்கும் ஒரே கண் எண்டு ஊர் முழுக்கச் சொல்லும். நான் இந்த வீட்டிலதானே இருந்தனான். என்ர முகத்தை ஒருக்கா நிமிந்து பாத்திருந்தாலே காணும்."

மாக்கிறட் பிள்ளையைத் தூக்கிக் கிறேஸின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "பாரம்மா, மாமியின்ர கண்ணை வடிவாப் பார். அப்பாவின்ர கண் இதுதான்." பிள்ளை விரலால் கிறேஸின் இமையைத் தொட்டுப் பார்த்தது. சந்தியோகு படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போனான். யாரும் அவனைத் தடுக்கவில்லை.

அதோடு முடிந்துவிடவில்லை. கதை மற்ற ஊர்களுக்குப் பரவியதும், அவனிடம் படம் வாங்கிய வீட்டுக்காரர் எல்லாரும் தங்கள் சுவர்களைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். "இது எங்கட அப்புதானோ, இல்லாட்டி எவனோ ஒருத்தனோ?" மூன்று தலைமுறை ஒன்றாக இருந்து ஒரு மூக்குக்காகச் சண்டை பிடித்த வீடும் உண்டு. சந்தியோகு கோட்டையும் பையையும் ஸ்டேசனில் திருப்பிக் கொடுத்துவிட்டு, தலைமன்னார் இறங்குதுறையில் மூட்டை தூக்கப் போனான். கப்பல் அசைந்தாலே அங்கேயும் சத்தி எடுப்பானாம். யாரும் சிரித்தால் கோபிப்பதில்லை.

மீசை பிறகு வளர்க்கவே இல்லை. எங்களுடைய வீட்டுக்கு வருவதும் நின்றது. கோவிலிலோ சந்தையிலோ கிறேஸைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு மறு பக்கத்தால் போய்விடுவான். கிறேஸ் வேண்டுமென்றே ஒருமுறை வழியை மறித்து, "எப்பிடி அண்ணை, சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டாள். "ஓம் தங்கச்சி" என்று தன் காலுக்குப் பதில் சொன்னான். "உனக்கு என்ன, அவள் கடிக்கவா போறாள்?" என்று நான் ஒருநாள் ஏசினேன். "அந்தக் கண்ணைப் பாக்க ஏலாது மச்சான். அது அவள்ர மட்டுமில்லையே" என்றான். அதற்கு மேல் நான் அவனை நக்கலடித்ததில்லை.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த அடுத்த வருசம் நெஞ்சு நோவில் செத்துப்போனான். சாவீட்டுக்கு நானும் கிறேஸும் மாக்கிறட்டும் போனோம். பெட்டியின் தலைமாட்டில் வைக்கப் படம் இல்லை. அந்தப் பூசை நாளுக்குப் பிறகு அவன் எந்தப் படக்காரன் முன்னாலும் நின்றதே இல்லை. லூசியா எங்களைக் கண்டதும் தயங்கினாள். பிறகு அலுமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி கிடந்த அந்தப் படத்தை எடுத்து வந்தாள். யோசேப்பின் பெயர் இருந்த இடத்தில் ஒரு கடுதாசித் துண்டு ஒட்டியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மாக்கிறட்டைப் பார்த்து அழுதாள்.

"வையுங்கோ அக்கா. அது அவர்தானே" என்றாள் மாக்கிறட்.

கிறேஸ்தான் அதை வாங்கித் தலைமாட்டில் சாத்தினாள். புழுதியைச் சீலையால் துடைத்தாள். கோட்டும் மீசையுமாய் சந்தியோகு நேரே பார்த்துக்கொண்டிருந்தான். கிறேஸ் கொஞ்ச நேரம் அதற்கு முன்னாலேயே நின்றாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது.

"இத்தினை வருசமா ஒருநாளும் நிமிந்து பாக்காத மனுசன்" என்றாள் என்னிடம். "இப்பதான் என்னைப் பாக்கிறார்."