தனசேகர் சாரின் பவர் கட்

தனசேகர் சார் இறந்துவிட்டார்.

எங்கள் ஒன்பதாம் வகுப்பு சயின்ஸ் சார். நேற்று செங்கல்பட்டில் வீட்டில் இருக்கும்போதே நெஞ்சு வலி வந்ததாம்... காலையில் ப்ரேயரில்தான் சொன்னார்கள்.

இது அம்மாவின் அக்கவுண்ட். ஆனால் இது மீன் பதிவு இல்லை. நாளைக்கு வஞ்சிரம் உண்டா என்று தயவுசெய்து கமெண்டில் கேட்காதீர்கள். நோட்டிஃபிகேஷன் சத்தத்தில் அம்மா எழுந்துவிடுவாள். இந்த நேரத்தில் ஃபோன் என் கையில் இருப்பதைப் பார்த்தால் அடுத்த அஞ்சலிப் பதிவு எனக்குத்தான்.

நான் பவித்ரா. நீங்கள் மீன் வாங்க வரும்போது ஒன்றும் பேசாமல் கவரைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பேனே, அந்தப் பெண்.

நாளைக்கு ப்ரேயரில் சாரைப் பற்றி மைக்கில் நான் பேச வேண்டும். மொத்த ஸ்கூலும் நிற்கும். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதே எனக்குக் குரல் வராது... அதனால் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

சார் எங்களுக்கு ஆளுக்கொரு அட்டை கொடுத்திருந்தார். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டை. ஸ்கிரீனில் கேள்வி வரும். ஏ, பி, சி, டி... எது பதிலோ அந்தப் பக்கம் மேலே வருகிற மாதிரி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். சார் தன் ஃபோனை வகுப்பைச் சுற்றிக் காட்டினால் போதும், யார் என்ன பதில் சொன்னார்கள் என்று அதில் வந்துவிடும்.

வாயைத் திறக்கவே வேண்டாம். எனக்காகவே கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

அம்மா அதைப் பணம் அனுப்புகிற ஸ்கேனர் என்று நினைத்துவிட்டாள். கூடையில் ஒட்டியிருந்த பழைய ஸ்கேனர் உப்புத் தண்ணீரில் கிழிந்துபோயிருந்தது. என் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கூடையில் கட்டிவிட்டாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு. மாமல்லபுரம் ரோட்டில் கார் மேல் கார். அணுபுரத்து அங்கிள் ஒருவர் ஃபோனை ஆஃப் செய்து ஆன் செய்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் ஸ்கேன் செய்தார். அங்கிள், இதைப் படித்தால் மன்னித்துவிடுங்கள்.

மறுநாள் அம்மா கூடையோடு ஸ்கூல் கேட்டுக்கே வந்துவிட்டாள்.

“இன்னா சார் அட்டை குட்த்துக்கிறீங்க? கஸ்டமருங்கோ ஸ்கேன் பண்ணிக்கினே நிக்கறாங்க. ஒண்ணியும் போவல. ஒரே பேஜாரு.”

சார் சிரிக்கவில்லை. ஃபோனை எடுத்துக் கூடையை ஸ்கேன் செய்தார். வெள்ளிக்கிழமை வகுப்பில் கேட்ட கேள்வி ஃபோனில் அப்படியே இருந்தது.

“பவித்ரா... பி. கரெக்ட் ஆன்சர்மா.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “பாத்தியாடி? நம்ம வூட்டுக் கூடைக்கே பதில் தெரிது. நீ இன்னாடான்னா வாயத் தொறக்க மாட்ற.”

ரெண்டு நாள் கழித்து சார் அம்மாவுடைய நிஜ ஸ்கேனரைப் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது கூடையில் தொங்குவது அதுதான். நீங்கள் எல்லோரும் சார் போட்ட லேமினேஷனைத்தான் ஸ்கேன் செய்கிறீர்கள்.

அப்புறம் அந்தச் சக்கரம்.

எங்கள் எல்லோர் பெயரும் போட்ட சக்கரம் ஸ்கிரீனில் சுற்றும். யார் பெயரில் நிற்கிறதோ அவர்தான் அன்றைக்கு டீச்சர். சார் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து கையைத் தூக்குவார்.

ஒருநாள் எங்கள் வகுப்பு சந்தோஷ்தான் டீச்சர். பொருட்கள் ஏன் மிதக்கின்றன என்கிற பாடம்.

“சார், டவுட்டு சார். கப்பல் மெதக்குது, நான் ஏன் மெதக்க மாட்டேங்கறேன்?” என்று சார் எழுந்து கேட்டார்.

“நீங்களும் கப்பல் சைஸ்லதான கீறீங்க, மெதப்பீங்க. உக்காருங்க.”

சார் உட்கார்ந்தார். பெஞ்ச் கத்தியது.

என் பெயரில் சக்கரம் நின்றால் மட்டும் ஸ்கிரீன் அணைந்துவிடும். “அய்யய்யோ, கரன்ட் போச்சே... சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்பார் சார். புரொஜெக்டர் பிளக் கடைசி பெஞ்ச் சுவரில்தான் இருக்கிறது. எங்கள் வகுப்பில் யாரும் எதுவும் கேட்டதில்லை.

அதே பாடத்துக்கு வீடியோ எடுத்து வரச் சொல்லி, எங்கள் குரூப்புக்கு ஸ்கூல் டேப்லெட்டைக் கொடுத்தார். கடற்கரையில் படகைக் காட்டி எடுத்தோம். போட்டுப் பார்த்தால் காற்று மட்டும் பாடம் நடத்திக்கொண்டிருந்தது.

நான் மீன் வைக்கிற பெரிய ஐஸ் பெட்டி ஒன்று காலியாக இருக்க, அதற்குள் உட்கார்ந்து, மூடியை முக்கால்வாசி இழுத்துக்கொண்டு பேசினேன். காற்றும் இல்லை, என்னைப் பார்க்க ஆளும் இல்லை... குரல் தானாக வந்தது.

வகுப்பில் போட்டதும் சந்தோஷ் கேட்டான். “யார்ரா இது? ஏஐ வாய்ஸா?”

“இல்லடா. நம்ம பவித்ரா” என்றார் சார்.

மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது. பயத்தில் நானும் திரும்பிப் பார்த்தேன்.

சார் இன்னொரு தடவை போட்டார். டேப்லெட்டில் ஒரு வாரம் கவிச்சி அடித்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்று கடைசி பீரியட். நாளைக்கு யார் பேசுவது என்று மேத்ஸ் மிஸ் கேட்டார். என்னைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். “சரி, உங்க சார் சக்கரமே சொல்லட்டும்” என்று மிஸ் சுற்றிவிட்டார்.

பவித்ரா.

எல்லோரும் கடைசி பெஞ்சைப் பார்த்தோம். காலி.

சந்தோஷ் எழுந்து போய் பிளக்கில் கையை வைத்தான். “புடுங்கட்டாடி?” என்று சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தான்.

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டேன். எதற்கு ஆட்டினேனோ... மைக் பக்கத்தில் ஐஸ் பெட்டி வைக்க ஹெச்.எம். ஒத்துக்கொள்ள மாட்டார்.

அட்டையை எடுத்துக்கொண்டு போகிறேன். குரல் வரவில்லை என்றால், சார் அன்றைக்கு கரெக்ட் என்று சொன்ன அந்த பி பக்கத்தை மேலே தூக்கிப் பிடிப்பேன். எங்கள் வகுப்புக்காவது புரியும்.

அம்மா புரண்டு படுக்கிறாள். நிறுத்துகிறேன்.

போய்ட்டு வாங்க சார். நீங்க கரன்ட் போச்சுன்னு சொன்ன ஒவ்வொரு தடவையும் ஃபேன் ஓடிக்கினுதான் இருந்துச்சு. எனக்குத் தெரியும் சார்.