அலமாரிக்குள் ஒரு புலவர்

புலவர் அலமாரிக்குள் இருக்கும்போது வீட்டில் குக்கர் வைக்கக் கூடாது. மின்விசிறி சுற்றக் கூடாது. குழாயைத் திறக்கக் கூடாது. தும்மல் வந்தால் தெருவுக்குப் போய்த் தும்மிவிட்டு வர வேண்டும். அலமாரிக் கதவில் ஓர் உள்ளங்கை வரைந்த அட்டை தொங்கும். அதில் ஓர் எழுத்துகூட இருக்காது. எழுத்துக்கும் புலவருக்கும் பகை.

அலமாரி அக்காவுடையது. அவள் மருந்துக்கடையில் பில் போடுகிறாள். காலை எட்டரைக்குக் கதவைத் தட்டுவாள்.

"புலவரே, என் வெள்ளைக் கோட்டை எடுத்துக் கொடு. நேரமாச்சு."

"பதிவு நடக்குது அக்கா."

"என்ன பதிவு, பத்திரப் பதிவா? கோட்டைக் குடுடா."

கதவு ஒரு சாண் திறக்கும். வெள்ளைக் கோட்டு தானாக வெளியே வரும். கதவு சாத்திக்கொள்ளும். உள்ளே, தொங்கும் துணிகளுக்கு நடுவே, நெற்றியில் சிறு விளக்கைக் கட்டிக்கொண்டு, ஹேங்கரில் மாட்டிய மைக்கின் முன் புலவர் தலையணைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். துணி எதிரொலியை விழுங்கிவிடும் என்று எங்கோ படித்திருக்கிறார். காற்றையும் சேர்த்து விழுங்கிவிடும் என்பது அதில் எழுதியிருக்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்து வெளியே வரும்போது, பிழிந்து காயப்போட வேண்டிய நிலையில் இருப்பார்.

புலவருக்கு வயது இருபத்தாறு. பட்டம் அக்கா வைத்தது, தெருவும் ஏற்றுக்கொண்டுவிட்டது. அவர் தனியாளாக ஒரு கணினி விளையாட்டு செய்கிறார். பெயர் 'நூறு வாசல்'. இருண்ட கட்டடம் ஒன்றில் ஓர் உருவம் விளக்கோடு நடக்கிறது. கதவு வரும்போதெல்லாம் ஒரு குரல் வழி சொல்கிறது. சரியான பக்கம் திரும்பினால் அடுத்த கதவு, தவறாகத் திரும்பினால் முதலிலிருந்து. திரையில் எங்கும் ஒரு சொல் கிடையாது. இதுவரை ஒன்பது மணி நேரக் குரல் பதிவாகியிருக்கிறது. ஒன்பது மணி நேரமும் புலவரின் குரல்தான்.

ஏன் எழுத்து இல்லை என்று யாராவது கேட்க வேண்டும் என்பதற்காகவே புலவர் கணினி விளையாட்டு செய்பவர்களின் கூட்டங்களுக்குப் போவார். கேட்டதும் கண்ணாடியைக் கழற்றுவார். "எங்க அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுங்க. உலகத்துல எல்லா கேமும் எழுத்தை வச்சுக் கதவைச் சாத்தியிருக்கு. நான் குரலால திறக்கறேன்." இதைச் சொல்லும் மூன்று நிமிடக் காணொளி ஒன்று இணையத்தில் இருக்கிறது. பார்த்தவர்கள் அழுதிருக்கிறார்கள். அம்மா பார்த்ததில்லை.

திறக்கும் குரல் என்ன சொல்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் சில கதவுகளில் இடது பக்கம் போக வேண்டுமானால் அது சொல்வது: "இருள் விலக்கும் ஏந்தலே, இதயம் உறையும் திசையினை எழுச்சியோடு ஏகுவாய்!" வலது பக்கம் என்றால்: "அருள் சுமக்கும் ஆற்றலே, எழுதுகோல் ஏந்தும் கரத்தின் அயலினை அணுகுவாய்!"

அக்கா முதல்முறை கேட்டபோது கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள். "இடது பக்கம் போன்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா?"

"அது என் விஷன் அக்கா."

"அம்மா எந்தக் கையில எழுதுவாங்கன்னு உன் விஷன் கேட்டுச்சா?"

புலவர் அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னவன் அவருடைய நண்பன். விளம்பரங்களுக்கு ஒலி சேர்ப்பது அவன் வேலை, புலவரின் பதிவுகளையும் காசு வாங்காமல் சரிபார்த்துக் கொடுப்பான். குளிக்கும்போது மட்டும் காதிலிருப்பதைக் கழற்றுவான் என்பதால் அவனுக்குப் பெயர் ஹெட்போன். "மச்சி, கீழே சின்னதா எழுத்தும் ஓடட்டுமே. காது கேக்காதவங்களும் ஆடலாம்ல?" என்றான். "எழுத்து வந்தா விஷன் செத்துரும்டா" என்றார் புலவர். எல்லோருக்குமான விளையாட்டில் இப்படி எல்லோரும் வந்து நுழைவது அவருக்குப் பிடிக்கவில்லை.

எளிமையாகப் பேசத் தெரியாதவர் அல்ல அவர். எட்டு மாதம் முன்புவரை ஒரு சலவை இயந்திரக் கம்பெனியின் தொலைபேசிப் பிரிவில் இருந்தார். "பிளக்கைப் பிடுங்கிட்டு மறுபடி சொருகுங்க சார். இப்ப பச்சை விளக்கு எரியுதா? அவ்ளோதான் சார்." இரண்டு வருடத்தில் அவர் சொன்னது புரியவில்லை என்று ஒருவரும் புகார் செய்ததில்லை. தெளிவாக விளக்குபவர் என்று ஒரு கோப்பைகூடக் கொடுத்தார்கள். அதில் அக்கா ஹேர்பின் போட்டு வைத்திருக்கிறாள். புலவர் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தான். முதல் வாரம் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டார். முன்பெஞ்சு சிரித்தது. கேள்விக்கு அல்ல, அவர் பேசிய விதத்துக்கு. பிறகு மூன்று வருடம் நூலகத்தில் உட்கார்ந்து, அச்சடித்ததுபோலப் பேசக் கற்றுக்கொண்டார். விடுமுறைக்கு வந்து அப்படிப் பேசியபோது அம்மா பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். "ஒரு வார்த்தை புரியல எனக்கு! அவ்வளவு படிச்சிருக்கான்!" புரியாமல் போவதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளும் ரசிகர் வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டால் எந்தக் கலைஞன்தான் கெட்டுப்போக மாட்டான்?

இந்த நிலையில்தான் ஓர் அறக்கட்டளை அந்தக் காணொளியைப் பார்த்தது. படிக்கத் தெரியாதவர்களும் ஆடக்கூடிய விளையாட்டுகளுக்கு ஒரு வருடத்துக்கு உதவித்தொகை தரும் அமைப்பு அது. நிபந்தனை ஒன்றுதான்: வீட்டுக்கு வருவார்கள், புலவரின் அம்மா முதல் மூன்று கதவுகளை யாருடைய உதவியும் இல்லாமல் கடக்க வேண்டும், அதைப் படம் பிடிப்பார்கள். தவறினால் புலவர் மறுபடி பச்சை விளக்கு எரிகிறதா என்று கேட்கப் போக வேண்டும். அம்மாவிடம் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தார்.

அம்மா ஒரு தையல் கம்பெனியில் காலர் தைக்கிறாள். சாயங்காலம் வந்து, கால் கழுவி, கன்ட்ரோலரைச் சுடு பாத்திரம் போலப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். குரல் முழங்கியது. அம்மா பயபக்தியோடு கேட்டாள்.

"புரியுதாம்மா?"

"நல்லா இருக்குடா."

"எந்தப் பக்கம் போகணும்னு சொல்லுது?"

"அதான் சொல்லுதே," என்று வலது பக்கம் போய் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

விடை மனப்பாடம் செய்யவும் வழியில்லை. ஒவ்வொரு முறையும் கதவுகளின் திசையை விளையாட்டே மாற்றிவிடும். அதுவும் விஷன்தான். மூன்று சாயங்காலம் அம்மா அந்த இருட்டுக் கட்டடத்தில் காலர் தைப்பதைவிடக் கஷ்டப்பட்டாள். நான்காம் நாள் மூன்று கதவுகளையும் கடந்தாள். மறுபடி கடந்தாள். ஐந்து முறை ஆடி ஐந்து முறையும் கடந்தாள்.

புலவர் அக்காவின் முன்னால் போய் நின்றார். "பார்த்தியா? சொல்லோட அர்த்தம் தெரிய வேண்டாம். மொழி தானா நெஞ்சுக்குள்ள போகும்."

அக்கா முதல்முறையாக அவரிடம் தோற்றாள். ஒரு நாள் முழுவதும் 'புலவரே' என்று கூப்பிடவில்லை.

மறுநாள் புலவர் அலமாரிக்குள் இருந்தார். கதவில் உள்ளங்கை அட்டையை மாட்ட மறந்துவிட்டார். வெளியே அம்மாவும் அக்காவும் கட்டிலில் துணி மடிக்க உட்கார்ந்தார்கள். புலவரின் மைக் நல்ல மைக். அவர்கள் பேசியது ஒரு துளி சிந்தாமல் அவர் காதுக்குள் விழுந்தது.

"எப்படிம்மா கண்டுபிடிக்கிறே? எனக்கே புரியலையே."

"யாருக்குடி புரியுது? அவன் பேசறான் இல்ல, நடுவுல ஒரு தடவை மூச்சு வாங்குவான். வாங்கினா இடது பக்கம். வாங்காம முடிச்சா வலது."

"மூச்சா?"

"கம்பெனியில அறுபது மெஷின் ஓடும். என் மெஷின்ல நூல் தீரப் போகுதுன்னா சத்தத்துலயே தெரியும். இது என்ன பிரமாதம்? அவன்கிட்ட சொல்லிடாதே. மனசு விட்டுடுவான்."

அக்கா எதையோ வாயில் அமுக்கிக்கொண்டு சிரிக்கும் சத்தமும் பதிவானது.

 அவர்கள் போன பிறகு புலவர் பழைய பதிவைப் போட்டுக் கேட்டார். உண்மைதான். இடது பக்க வாசகத்தை, பதிவு செய்த அன்று கடைசியாக, அலமாரியில் காற்று தீர்ந்த நேரத்தில் பேசியிருந்தார். "திசையினை"க்குப் பிறகு, கரையில் போட்ட மீன்போல ஓர் இழுப்பு. ஒன்பது மணி நேரத்தில் அம்மாவுக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.

அறக்கட்டளைக்காரர்கள் வர இன்னும் மூன்று நாள் இருந்தது. புலவர் மைக்கை நேராக்கினார். "இடது பக்கம் போ" என்றார். திரும்பப் போட்டுக் கேட்டார். பிளக்கைப் பிடுங்கிச் சொருகச் சொல்லும் அதே குரல். இந்தக் குரலைக் கொண்டுபோய் எந்தக் கூட்டத்தில் கண்ணாடியைக் கழற்றுவது? பெஞ்சுகள் சிரிக்கும் என்று தோன்றியது. உண்மையில் அந்தப் பெஞ்சுக்காரர்களில் ஒருவனும் இந்த விளையாட்டை ஆடப்போவதில்லை. அதுவும் அவருக்குத் தெரியும். சற்று நேரம் விரலைத் தூக்கிப் பிடித்தபடி இருந்துவிட்டு அழித்துவிட்டார். அம்மா கதவைக் கடக்கிறாள், அது போதும். மூச்சு விஷயத்தை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

ஹெட்போனிடமும் சொல்லவில்லை. அதனால் ஹெட்போன், நண்பனுக்கு முக்கியமான நாள் என்று, முதல் வேலையாக எல்லா ஒலியையும் உட்கார்ந்து இரைச்சல் நீக்கித் துடைத்தான். அவர்கள் வருகிற அன்று காலை புதிய ஒலியை விளையாட்டில் ஏற்றிவிட்டு, "மச்சி, சும்மா கண்ணாடி மாதிரி ஆக்கிட்டேன், கேட்டுப் பாரு" என்று செய்தி அனுப்பினான். புலவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கேட்டுப் பார்க்கவில்லை.

அறக்கட்டளையிலிருந்து ஓர் அதிகாரி அம்மையாரும் ஒரு கேமராக்காரரும் வந்தார்கள். அம்மையார் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, அந்த எளிமையைத் தானே ரசித்தபடி உள்ளே வந்தார். "யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அம்மா இயல்பா ஆடட்டும்," என்றார். கம்பெனியில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்த அம்மா கன்ட்ரோலரை எடுத்தாள். முதல் கதவு. குரல் எழுந்தது: "இருள் விலக்கும் ஏந்தலே, இதயம் உறையும் திசையினை எழுச்சியோடு ஏகுவாய்!"

கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. எந்த இடத்திலும் ஒரு கீறல் இல்லை.

அம்மா வலது பக்கம் திரும்பப் போய், நின்றாள். ஏதோ சரியில்லை என்று அவள் காது சொல்லியது. பொத்தானை அழுத்தி மறுபடி கேட்டாள். மறுபடியும் வழவழப்பு.

"மூச்சே வரலையே," என்றாள் அம்மா.

அம்மையார் பதறி எழுந்தார். "அம்மாவுக்கு மூச்சுத் திணறுது! ஜன்னலைத் திறங்க, தண்ணி கொண்டாங்க!"

"ஒண்ணுமில்ல மேடம், நான் நல்லாத்தான் இருக்கேன்," என்ற அம்மா மூன்றாம் முறை பொத்தானை அழுத்தினாள். அழுத்திவிட்டு மகனைத் திரும்பிப் பார்த்தாள். காலரை முதல்முறை கோணலாகத் தைத்துவிட்டு மேஸ்திரியைப் பார்த்திருப்பாளே, அந்தப் பார்வை.

புலவருக்கு எல்லாம் விளங்கியது. பேசக் கூடாது. கை காட்டினால் கேமராவில் விழும். குரல் "திசையினை" என்றது. அந்த இடத்தில், சுவரோரம் நின்றிருந்த புலவர், அறையிலிருந்த காற்று முழுவதையும் ஒரே இழுப்பில் உள்ளே இழுத்தார். திரைச்சீலை அசைந்தது.

அம்மா இடது பக்கம் போனாள்.

இரண்டாம் கதவு வலது. புலவர் மூச்சை அடக்கிக்கொண்டார். பதற்றத்தில் அம்மா வாசகத்தை மூன்று முறை கேட்டாள். புலவரின் முகம் சிவந்து, கறுத்து, ஒரு மாதிரி நீலத்துக்கு வந்த பிறகு வலது பக்கம் திரும்பினாள். மூன்றாவது மறுபடியும் இடது. இந்த முறை இழுப்பதற்குப் புலவர் நடிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"உங்களுக்கு ஆஸ்துமாவா?" என்று கேட்டார் அம்மையார்.

"ஆமாங்க மேடம்," என்றாள் அக்கா. "காலேஜ் போனதுலேர்ந்து இருக்கு."

கதவு திறந்து திரை வெளிச்சமானது. கேமராக்காரர் கை தட்டினார். அம்மையார் கண்களை ஒற்றிக்கொண்டார். "நல்ல தமிழ் சாதாரண ஜனங்களுக்குப் புரியாதுன்னு சொல்றாங்களே, அவங்க வந்து இதைப் பார்க்கணும். ஒரு வார்த்தைகூட மாத்திடாதீங்க தம்பி. அப்படியே நூறு வாசலுக்கும் கொண்டுபோங்க." புலவர் கண்ணாடியைக் கழற்றினார். பழக்கம்.

பிறகு அம்மையார் பையிலிருந்து நான்கு பக்கத் தாளை எடுத்தார். அம்மாவைப் படம் பிடித்ததற்கும், அதை எங்கும் காட்டுவதற்கும் அம்மாவின் சம்மதம் வேண்டும். எழுத்து கடுகைவிடச் சிறியதாக இருந்தது. "இதன்வழி கீழே ஒப்பமிடும் யான், மேற்படி காட்சிப் பதிவின்பால்" என்று தொடங்கி, ஒரு முற்றுப்புள்ளிக்காக இரண்டாம் பக்கம்வரை போயிற்று. புலவர் அதை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். மறுபடி மேலே போனார். உதடு அசைந்தது, பொருள் அகப்படவில்லை.

பெயரை மட்டும் எழுதக் கற்றிருந்த அம்மா, பேனாவைப் பிடித்துக்கொண்டு மகனின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"என்னடா எழுதியிருக்கு? படிச்சுச் சொல்லு."

அம்மையார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா புலவரைப் பார்த்தாள். அம்மா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புலவர் தாள்களைப் புரட்டி, நான்காம் பக்கத்தின் அடியில் கையெழுத்துக்காக விட்டிருந்த புள்ளிக்கோட்டின் மேல் விரலை வைத்தார்.