சாஃப்ட்வேர் படுத்தால் காபி

சாச்சாக் நகரத்து டைல்ஸ் மொத்தக்கடையில் பில் போடுகிறவள் டெசாங்கா. அவளுடைய பில்லிங் சாஃப்ட்வேர் தினமும் ஒருதரமாவது படுத்துவிடும். உடனே கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டு, பின்னறைக்குப் போய் எல்லோருக்கும் காபி காய்ச்சுவாள். கம்ப்யூட்டர் எழுந்து வருவதற்கும் கோப்பையில் வடிகட்டாத காபியின் தூள் அடியில் படிவதற்கும் சரியாக இருக்கும். அதற்குள் லாரி டிரைவரும் காத்திருக்கும் கொத்தனார்களும் கூடி ஊர்வம்பை அலசி முடித்திருப்பார்கள்.

புதிதாக வந்த மேனேஜர் வுகாஷினுக்குப் பொறுக்கவில்லை.

"இதுக்குப் போய் யாராவது கம்ப்யூட்டரை அணைப்பாங்களா, மேடம்? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்குங்க. வர்ற பட்டியல்ல இந்த புரோகிராமை மட்டும் முடிச்சுவிட்டு, மறுபடி திறங்க. அவ்வளவுதான்."

"அடேயப்பா, இப்படியெல்லாம் வழி இருக்கா, மேனேஜரே," என்றாள் டெசாங்கா. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவள் கண்டுபிடித்து, வாயைத் திறக்காமல் வைத்திருந்த வித்தை அது.

அதன்பிறகு பில்கள் பறந்தன. பின்னறை அடுப்பு பற்றவேயில்லை. கொத்தனார்கள் சீட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் போனார்கள். ஊருக்குப் புதியவரான வுகாஷினிடம் பேச்சுக்கொடுக்க ஆளில்லை.

வெள்ளிக்கிழமை சாஃப்ட்வேர் மறுபடி படுத்தது. டெசாங்கா அடக்க ஒடுக்கமாக மூன்று பொத்தான்கள்மேலும் விரல் வைத்தாள். பக்கத்தில் வுகாஷின் வந்து நின்றார், கையில் காலிக் கோப்பை.

"அது சரிப்பட்டு வராது போலிருக்கு, மேடம். எதுக்கும் கம்ப்யூட்டரையே அணைச்சிடுங்க."