பின்வளவில் உம்மா வெட்டிய குழிகள்

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் எங்கள் வீட்டுச் சோற்றில் மணல் நறநறக்கும். மேற்கே காய்ந்து கிடக்கும் வெளிகளின் சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு கல்முனைக் கரையோரத்து ஒழுங்கைகள் வழியாகக் கடலை நோக்கி ஓடும் அந்தக் காற்று, போகிற போக்கில் மூடி வைத்த சட்டிக்குள்ளும் ஒரு கை மணலைப் போட்டுவிட்டுத்தான் போகும். கிணற்றுத் தண்ணீர் சவர்க்கும். முருங்கையைத் தவிர மற்றதெல்லாம் கருகிவிடும். கடற்கரை மண்ணில் என்ன விளையும் என்று சொல்லிவிட்டு ஊரே சந்தையில் வாடிய கீரையை வாங்கித் தின்னும்.

அப்படியொரு கச்சான் மாதத்தில்தான் உம்மா சவூதியிலிருந்து திரும்பி வந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். உம்மா ஏன் போனார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக் கொடுப்பதென்றால் வீட்டோடுதான் கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை கையை வீசிக்கொண்டு வந்து அந்த வீட்டில் குடியேறுவார். வாப்பாவின் சைக்கிள் திருத்தும் கடை சோற்றுக்குப் போதும், கல்லுக்கும் சீமெந்துக்கும் போதாது. ஆகவே மூத்தவளான ராத்தாவுக்கு வீடு கட்ட உம்மா யாருடைய வீட்டிலோ போய்க் கூட்டித் துடைத்தார். இதை நல்ல வழக்கம் என்று மேடையேறிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது அந்நிய நாட்டில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து பேசட்டும், நான் கேட்கிறேன்.

வீடு முடிந்திருந்தது. உம்மா வந்து உள்ளே போய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, அவர் நேராகப் பின்வளவுக்குப் போய், கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவில் வெறுமனே கிடந்த மணலைக் காலால் கிளறிப் பார்த்தார். மறுநாளே மண்வெட்டியை எடுத்துவிட்டார்.

அவர் வேலை செய்த வீட்டாருக்குப் பாலைவனத்தில் ஒரு தோட்டம் இருந்ததாம். வெள்ளிக்கிழமைகளில் சமைத்துப் போட உம்மாவையும் வாகனத்தின் பின்னால் ஏற்றிக்கொண்டு போவார்களாம். யாரும் அவருக்கு எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. கீரை பிடுங்கி வா என்று விரட்டியபோது குனிந்த இடத்தில் பார்த்துக்கொண்டதுதான். அங்கே செடிகள் மேட்டில் நிற்பதில்லை; நிலமட்டத்துக்குக் கீழே, குழிக்குள் நின்றன. காற்று மேலால் போய்விடும், ஊற்றிய தண்ணீர் ஓடிப்போக வழியில்லை. நாங்களோ தலைமுறை தலைமுறையாக மணலைக் கூட்டிப் பாத்தி கட்டி, அதன் தலையில் தண்ணீரை ஊற்றி, அது நாலு பக்கமும் வடிவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள்.

நானும் உம்மாவும் முழங்கால் ஆழத்துக்கு நீளநீளமாகக் குழி வெட்டினோம். அடியில் தேங்காய்ப் பொச்சை அடுக்கினோம். நற்பிட்டிமுனையிலிருந்து வாப்பா சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த வைக்கோலையும் மாட்டெருவையும் அதன்மேல் போட்டோம். மீன் கழுவிய தண்ணீரையும் வீணாக்காமல் அதிலேயே ஊற்றினோம். தலைமாட்டில் கிடுகு நட்டுக் காற்றை மறித்தோம். வாப்பாவின் தங்கை, எங்கள் மாமி, பார்க்க வந்தவர் வாசலில் நின்றே வாயில் கை வைத்தார்.

"என்ன மதினி, ஊட்டுக்குள்ள கபுறா வெட்டுறீங்க? சவூதிக்குப் போய் இதையா படிச்சிட்டு வந்தீங்க?"

அன்று மாலையே ஒழுங்கை முழுக்க அந்தப் புதைகுழிப் பேச்சுத்தான். வெளிநாட்டுக்குப் போய்வந்த பெண் எதைச் செய்தாலும் அதற்கு ஒரு மறுபேச்சு ஊரிடம் எப்போதும் தயாராக இருந்தது. அவள் அனுப்பிய பால்மாவுக்கும் சவர்க்காரத்துக்கும் மட்டும் மறுபேச்சு இருந்ததில்லை.

தண்ணீருக்கு உம்மா கண்ட வழிதான் இன்னும் பெரிய வம்பாகிப்போனது. ஐந்து நேரத் தொழுகைக்கும் ஒழு எடுக்கிற வீடு. முகமும் கையும் காலும் கழுவிய தண்ணீர் அத்தனையும் வீணாக மணலுக்குள் போய்க்கொண்டிருந்தது. உம்மா ஒழு எடுக்கும் கல்லைத் தூக்கிக் குழியின் தலைப்பில் போட்டார். இனி எல்லாரும் அங்கே நின்றுதான் ஒழு எடுக்க வேண்டும். தண்ணீர் சின்ன வாய்க்காலால் ஒவ்வொரு குழிக்கும் போகும். மாமிக்குப் பொறுக்கவில்லை.

"கால் கழுவின தண்ணியில வளந்தத எங்களுக்குத் தின்னத் தாறதா?"

"ஒழுத் தண்ணி அழுக்கெண்டா நம்மட ஒழு என்னத்துக்கு மதினி?" என்றார் உம்மா, நிமிர்ந்து பார்க்காமலே. அவர் திருப்பிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

கத்தரி வந்தது, பூசணி படர்ந்தது. ஒரு சின்ன மருந்துப் போத்தலில் உம்மா கொண்டுவந்திருந்த விதையிலிருந்து "முலூகியா" என்ற அரபுக் கீரையும் இடுப்பளவுக்கு வளர்ந்தது. வெயில் ஏற ஏற அது செழித்தது. அரிந்து வேகவைத்தால் வெண்டிக்காய்போல வழுவழுக்கும். அங்கே அதைக் கோழிச் சாற்றில் போட்டு, வெள்ளைப்பூண்டை நெய்யில் பொரித்து மேலே கொட்டுவார்களாம். முதல் நாள் நாங்கள் எல்லாரும் கோப்பையைத் தள்ளி வைத்தோம். உம்மா கோபிக்கவில்லை. மறுவாரம் கோழிக்குப் பதில் கூனி இறாலைப் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, பச்சை மிளகாய் கீறிப் போட்டார். அந்த ஆணத்துக்கு வாப்பா இரண்டாம் தரமும் சோறு கேட்டார்.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. மாரி தொடங்கியதும் முதல் பெருமழையிலேயே குழிகள் நிறைந்து, நாங்கள் உயிரைக் கொடுத்து வளர்த்ததெல்லாம் அழுகி மிதந்தது. பாலைவனத்தில் மாரி இல்லையே, அதை யார் நினைத்தது? மாமி குடையைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார். மழை விட்டதும் உம்மா குழிகளைத் தூர்த்து அதே இடத்தில் மேடு கட்டினார். அதன் பிறகு கோடைக்குக் குழி, மாரிக்கு மேடு என்று வளவையே வருடத்துக்கு இரண்டு முறை புரட்டிப் போட்டோம். என் உள்ளங்கை காய்த்துப்போனது. வீட்டில் எந்த நாளும் கீரை இருந்தது.

"இந்த ஊடு ராத்தாக்கு. இந்தத் துண்டு மட்டும் எனக்கு," என்று உம்மா என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் எனக்கு என்று சொல்லி நான் கேட்ட ஒரே பொருள் அந்தக் கால் காணிகூட இல்லாத மணல்.

ராத்தாவுக்குச் சம்பந்தம் பேச வந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா முலூகியா ஆணத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "நல்ல ருசி, என்ன இது?" என்று விசாரித்தார். பிறகு கை கழுவப் பின்பக்கம் போனவர், திரும்பி வந்து உட்கார்ந்து ஏப்பம் விட்டுவிட்டுச் சொன்னார்:

"ஊடு நல்லாத்தான் இரிக்கி. பின்னால இரிக்கிற குழியெல்லாம் மூடி, கொங்கிறீட் போட்டு, ஒரு அறையும் எடுத்துத் தாங்க. மகன்ட சாமான் வெக்க ஒரு இடம் வேணுமே."

திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற உம்மா, "அந்தத் துண்டு மட்டும்..." என்று தொடங்கினார்.

"கதைக்காம இரி, புள்ளைட காரியம்," என்றார் வாப்பா. பிறகு வந்தவர்களைப் பார்த்து, "ஓம், செஞ்சி தாறம்," என்றார்.

அந்த வீட்டில் ஒரு செங்கல்கூட வாப்பாவின் காசில் வந்தது இல்லை. ஓம் சொல்லும் உரிமை மட்டும் அவருடையது. ஆணத்தை வழித்துத் தின்ற வாய், அது முளைத்த நிலத்தைக் கேட்டது. கேட்டதில் கேட்டவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. உள்ளே ராத்தா அழுதுகொண்டிருந்தாள். அவளிடமும் யாரும் எதையும் கேட்கவில்லை.

பூசணி பூத்திருந்தபோதுதான் மூடினார்கள். உம்மா முதல் நாளே கீரையைப் பிடுங்கிச் சமைத்து, குழியை மூட வந்த மேசன்மாருக்கே பகல் சாப்பாடாகக் கொடுத்தார். கலியாண வீட்டில், பந்தி முடிந்து சகன் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, மாமி என் தோளில் கை போட்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"இன்னொரு பொம்புளப்புள்ளயும் இரிக்கே மதினி. இதுக்கும் ஒரு ஊடு வேணுமே."

உம்மா என்னைப் பார்த்தார். அடுத்த கச்சானுக்கு முன்பே அவர் மறுபடியும் சவூதிக்குப் போய்விட்டார்.

இப்போது நான் இருப்பது உம்மா அந்த இரண்டாம் தடவை போய் உழைத்துக் கட்டிய வீடு. முன்னால் மாபிள், பின்னால் பதித்த பூட்டுக்கல், மதில்வரை ஒரு பிடி மண் இல்லை. விலைவாசி ஏறி நாடே திண்டாடியபோது, வீட்டுத் தோட்டம் செய்யுங்கள் என்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வந்து அறிவித்தார்கள். எங்கே செய்வது, மாபிளிலா? குழிக்குள் செடி நட்டால் தண்ணீர் மிச்சம் என்று யாரோ எடுத்த வீடியோவை மாமி குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார். அவருக்கு எதுவும் நினைவில்லை. நான் அந்தக் குழுவைவிட்டே வெளியேறினேன்.

என் மகள் இன்னும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அவளுக்கு வீடு தொடங்கவில்லையா என்று இப்போதே கேட்கிறார்கள். தொடங்க மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். வீட்டோடுதான் கட்டுவேன் என்கிறவன் ஒரு வீட்டைக் கட்டிக்கொள்ளட்டும்.

உம்மா வயதாகித் திரும்பி வந்து இப்போது என்னோடுதான் இருக்கிறார். காலையில் நான் எழும்பி வரும்போது அடுப்படியின் வாசலில் நிற்பார், உள்ளே போகமாட்டார்.

"மகள், ஒரு தேத்தண்ணி வெச்சிக் குடிக்கட்டா?"

இரண்டு வீடு கட்டிய மனுஷி கேட்கிறார். "இது உங்கட ஊடு, கேக்காம வெய்யுங்க உம்மா," என்று நான் கத்திவிடுகிறேன். ஓம் என்று தலையாட்டுகிறார். மறுநாளும் வாசலில் நின்று கேட்கிறார்.